இருட்டில் யாருக்கும் கேட்காது

பிப்ரவரி 3, செவ்வாய்

வசந்த விடுமுறைக்கு எங்கே போவது? சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்த பேச்சு, பாத்திரம் கழுவி முடிக்கும்வரை ஓயவில்லை. போன வருஷம் போன மாதிரி ஓட்டல் அறையும் நீச்சல் குளமும் இந்த முறை வேண்டவே வேண்டாமாம். சாகசம் வேண்டுமாம். இந்த வார்த்தையை வீட்டுக்குள் கொண்டுவந்தது யார் என்று கேட்கவே வேண்டாம். இவருக்குத் தொழிலே அதுதான். தீப்பிடித்தால் எந்தப் படிக்கட்டில் எப்படி இறங்குவது என்று ஒவ்வொரு அலுவலகமாகப் போய்ப் பயிற்சி கொடுக்கிறார். வீட்டிலும் அதே கூத்துதான். கையை உயர்த்தினால் நிற்க வேண்டும், உள்ளங்கையைக் காட்டினால் காத்திருக்க வேண்டும், விரலைச் சுழற்றினால் கிளம்ப வேண்டும். பிள்ளைகள் வைத்த பெயர் கமாண்டர்.

கமாண்டருக்கு மலையாற்றில் ரப்பர் படகு ஓட்ட வேண்டும். சின்னவளுக்கு ஆறு வயசு, கூப்பிடுவது பட்டாசு. குதிரை இருந்தால் எந்த இடமும் சம்மதம். பெரியவள் வாயே திறக்கவில்லை. பேசுகிறவர் முகத்தை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு வயசு. எப்போதும் எங்கேயோ யோசனையில் இருப்பதால் அவள் பெயர் ஆகாசம். பள்ளிக்கூடத்திலும் அதே பாட்டுதான். "தங்கமான பொண்ணு, ஆனா இந்த உலகத்துலயே இல்லைங்க" என்று டீச்சர் சொல்வார்.

என்னைக் கேட்டார்கள். "தலையணை நல்லா இருக்கிற ஊருக்கு என் ஓட்டு" என்றேன். அதையும் இரண்டு தடவை சொன்னேன் போலிருக்கிறது, எல்லோரும் சிரித்தார்கள். பேருந்து நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவளுக்கு வேறு எப்படிப் பேச வரும்? எந்த வண்டி, எந்த நடைமேடை, எல்லாமே இரண்டு தடவை. வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்தி. அது நாக்கிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. "குளிச்சாச்சா? குளிச்சாச்சா?" என்று நான் கேட்டால் போதும், பட்டாசு மூக்கைப் பிடித்துக்கொண்டு "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்துவிடும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ரப்பர் படகு ஒழிந்தது. பட்டாசுக்கு வயசு போதாதாம். வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு!

பிப்ரவரி 11, புதன்

குகைக்குப் போகிறோம். சொன்னது ஆகாசம்! பள்ளி நூலகத்திலிருந்து ஒரு படப் புத்தகம் கொண்டுவந்து மேசை நடுவில் விரித்து வைத்தாள். பாறை, பாறைக்கு உள்ளே ஒரு ஏரி, வரிசையாக மனிதர்கள். எல்லோர் நெற்றியிலும் விளக்கு.

"இங்க போலாம். எல்லார் தலையிலயும் விளக்கு இருக்கும்" என்றாள்.

அவ்வளவுதான். அவள் தானாக எதையாவது கேட்டு எத்தனை நாளாயிற்று! ஓட்டுப் போட்டோம், நான்குக்கு நான்கு. தலையணையை நானே தூக்கி எறிந்துவிட்டேன். அங்கே குடும்பங்களை அழைத்துப் போகும் வழிகாட்டி ஒரு பெண்மணி இருக்கிறார், சின்னப் பிள்ளைகளையும் கூட்டிப் போவார் என்று இவர் விசாரித்து வைத்திருக்கிறார். கொஞ்ச தூரம் நடை, கொஞ்ச தூரம் தவழல், கடைசியில் அந்த ஏரி. தவழலா? என் முட்டியை யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

கமாண்டர் விசில் வாங்கிவிட்டார். சும்மா விசில் இல்லை, காதுக்குள் ஊசி ஏற்றுகிற விசில். ஒரு தடவை ஊதினால் நிற்க வேண்டும். இரண்டு தடவை ஊதினால் திரும்பி வர வேண்டும். ஹாலில் சோபாவைத் தள்ளிப் போட்டு, மேசைக்கு அடியில் எல்லோரும் தவழ்ந்தோம். நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். பட்டாசு என் காலைப் பிடித்து இழுத்துச் சிரித்ததில் அதற்கு விக்கலே வந்துவிட்டது.

விசிலுக்கு முதலில் நின்றது ஆகாசம்தான், ஒவ்வொரு தடவையும். அப்பாவின் கன்னம் உப்பும்போதே நின்றுவிடுகிறாள். "பாத்தீங்களா, என் பொண்ணு!" என்று இவருக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் இருட்டில் ஒரு தடவை பழகிப் பார்த்துவிட வேண்டுமாம்.

பிப்ரவரி 21, சனி

எழுதினால்தான் மனசு அடங்கும்.

காவலாளியிடம் சொல்லி, கீழ்த்தளத்தில் பழைய சாமான் அறைகள் இருக்கும் பக்கம் மட்டும் விளக்கை அணைக்கச் சொன்னார். சுவரைத் தடவிக்கொண்டே பிள்ளைகள் நடக்க வேண்டும், விசில் கேட்டதும் நிற்க வேண்டும். முதலில் பட்டாசு போனது, நின்றது, வந்தது. அடுத்து ஆகாசம். போனாள். இவர் ஊதினார். அவள் நிற்கவில்லை. செருப்புச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. மறுபடி ஊதினார். மறுபடியும். அந்தச் சுவர் முடிகிற இடத்தில் வண்டிகள் மேலிருந்து இறங்கும் சரிவுப் பாதை. நான் கத்தினேன், இவர் ஓடினார். அதற்குள் ஒரு கார் விளக்கோடு திரும்பியது. வெளிச்சத்துக்கு நடுவே என் மகள் நிற்கிறாள். பிரேக் அடித்த சத்தம். காருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் இருந்திருக்குமா? எனக்குத் தெரியாது.

கார்க்காரர் இறங்கிவந்து கன்னாபின்னாவென்று திட்டினார். திட்டட்டும், நியாயம்தான். அதன்பிறகு இவர் திட்டினார் பாருங்கள்! அந்தக் குரலை இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை.

"எத்தன வாட்டி ஊதறேன்? திமிரா? உசுரு போயிருக்கும்டி!"

"நீ ஊதவே இல்லப்பா."

"பொய் சொல்லாத!"

"நீ ஊதவே இல்ல!" தேம்பித் தேம்பி அழுதாள். நானும் அவளைத்தான் அதட்டினேன். அப்போதுதான் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற பட்டாசு, ரொம்ப சாதாரணமாக, தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரிச் சொன்னது: "அக்காவை இருட்டுல கூப்பிட்டா கேக்காதும்மா. தட்டித்தான் கூப்பிடணும்."

பிப்ரவரி 22, ஞாயிறு

நம்ப மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டு காலையிலிருந்து அவள் பின்னாலேயே அலைகிறேன்.

அவள் ஜன்னலோரம் படம் வரைந்துகொண்டிருந்தாள். பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. என் சாதாரணக் குரலில், "ஐஸ்கிரீம் வாங்கித் தரட்டுமா?" என்றேன். பென்சில் போய்க்கொண்டே இருந்தது. அடுத்த அறையிலிருந்து "எனக்கு!" என்று பட்டாசுதான் கத்தியது. இவள்? இல்லை. சமையலறையில் என் கைபேசி அடித்தது, இல்லை. கதவை அறைந்து சாத்தினேன், அதற்குத் திரும்பினாள். "என்னம்மா?" என்று சிரித்தாள்.

அப்படியானால் இத்தனை நாள் என்னோடு பேசியது? பதில் சொன்னது? சண்டை போட்டது? எல்லாம் என் முகத்தைப் பார்த்துத்தானா?

பட்டாசை மடியில் உட்காரவைத்துக் கேட்டேன். "ஏன்டி எங்ககிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

ஆறு வயசுக்குத் தெரிந்திருக்கிறது. பெற்றவளுக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

வேலைக்குப் போனேன். இன்று எந்த வண்டியை எந்த நடைமேடைக்கு அனுப்பினேன் என்று சத்தியமாக நினைவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

காதுப் பரிசோதனை நிலையம். கண்ணாடி வைத்த சின்ன அறை. சத்தம் வந்ததும் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் சோதனை. என்னை அவள் பின்னால் ஒரு நாற்காலியில், மூச்சுக்கூட விடாமல் உட்காரச் சொன்னார்கள். முதலில் கொஞ்சம் கனத்த சத்தங்கள். அழுத்தினாள், அழுத்தினாள். எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு சத்தம் மெலிந்து, கூர்மையாக வர ஆரம்பித்தது. பீப். அவள் அழுத்தவில்லை. பீப், பீப். இல்லை. எனக்குக் காது வலிக்கும் அளவுக்குக் கூட்டினார்கள். "அழுத்துடி, அழுத்துடி கண்ணு" என்று மனசுக்குள் கதறுகிறேன். அவள் பட்டன் மேல் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, சமர்த்தாகக் காத்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணைப் பார்த்துக் கேட்டாள்: "மறுபடி எப்ப ஆரம்பிப்பீங்க?"

நான் வெளியே வந்துவிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சோதித்த பெண் பொறுமையாகச் சொன்னார். கனத்த சத்தம் கேட்கிறது, கூர்மையான சத்தம் இரண்டு காதிலும் போய்விட்டது. எப்போதிலிருந்து என்று சொல்ல முடியாது, பிறந்ததிலிருந்தேகூட இருக்கலாம். பேச்சு கேட்கும், ஆனால் பாதி எழுத்து காதில் விழாது. மீதியை உதட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்கிறாள்.

"இவ்ளோ நாள் வெளிய தெரியாம சமாளிச்சிருக்கா, அதான் ஆச்சரியமா இருக்கு. நீங்க என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார். சொன்னேன். வீட்டிலும் இப்படித்தான் வாயைத் திறந்து, இரண்டு தடவை பேசுவீர்களா என்றார். ஆமாம் என்றேன். அப்பா? கை ஜாடை என்றேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "அப்ப உங்க வீட்ல அவளுக்கு எந்தக் குறையும் தெரிஞ்சிருக்காதுங்க" என்றார்.

ஊரே கேலி பண்ணுகிற என் இரட்டைப் பேச்சும், இவருடைய கமாண்டர் கூத்தும் சேர்ந்து, பெற்ற பிள்ளையின் காதை எங்களிடமிருந்தே மறைத்து வைத்திருக்கின்றன. வேறு வீட்டில் பிறந்திருந்தால் இரண்டு வயசிலேயே கண்டுபிடித்திருப்பார்கள்!

பிறகு அவளிடம் அவர் கேட்டார். "இருட்டுல அம்மா பேசினா உனக்குப் புரியுமா?"

என் மகள் அந்தப் பெண்ணை ஒரு அசட்டுக் கேள்வி கேட்டவரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். "இருட்டுல யாருக்குமே கேக்காதே" என்றாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

தினமும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் இரண்டு பேருக்கும் கதை சொல்வேன். பெரியவள் ஒட்டிப் படுத்துக்கொண்டு என் தொண்டையில் கை வைத்துக்கொள்வாள். கதை முடிகிறவரை எடுக்க மாட்டாள். செல்லம் கொஞ்சுகிறாள் என்று நினைத்தேன்.

எத்தனை கதை! ஒன்றாவது போய்ச் சேர்ந்ததா?

மார்ச் 1, ஞாயிறு

குகை ரத்து என்று இவர் அறிவித்துவிட்டார். ஓட்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பழைய நீச்சல் குளத்து ஓட்டலுக்கே போகிறோமாம். சொன்னபோது பெரியவளின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு இவர் அவள் முகத்தைப் பார்ப்பதே இல்லை. பேசினால் தரையைப் பார்த்துக் கத்துகிறார். "த...ண்...ணி வே...ணு...மா!" தரையைப் பார்த்துக் கத்தினால் அவளுக்கு எப்படிப் புரியும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள், நான் மொழிபெயர்க்கிறேன். ஒரே வீட்டுக்குள்!

அறைக்குள் கூட்டிப்போய்க் கேட்டேன். "என்னங்க இது? அவ என்ன தப்பு பண்ணா?"

"திமிரான்னு கேட்டேனே" என்றார். "அவளைப் பாத்து, திமிரான்னு..."

மார்ச் 4, புதன்

இன்று வெடித்தது பட்டாசு இல்லை, ஆகாசம். நீச்சல் குளத்துப் படத்தை இவர் கைபேசியில் காட்டினார். அவள் அதைத் தள்ளிவிட்டாள்.

"நான்தானே குகை கேட்டேன்? எல்லாரும் சரின்னு சொன்னீங்கதானே? எனக்குக் காது கேக்கலன்னா என் ஓட்டும் செல்லாதா?"

அவளே தொடர்ந்தாள், குரல் உடைந்து. "அங்க எல்லார் தலையிலயும் விளக்கு இருக்கும். எல்லார் மூஞ்சியும் நல்லாத் தெரியும். அதான் கேட்டேன்."

நாங்கள் அவளை இருட்டிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் அந்தப் படத்தில் பார்த்தது இருட்டையே இல்லை. வெளிச்சத்தைத்தான் பார்த்திருக்கிறாள்! இவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். போகட்டும் என்று விட்டேன்.

மார்ச் 16, திங்கள்

காதுக்கருவி வந்துவிட்டது. இரண்டு காதுக்குப் பின்னாலும் ஒரு மொச்சைக்கொட்டை அளவுதான். மாட்டிவிட்டதும் அழுவாள், கட்டிப்பிடிப்பாள் என்றெல்லாம் கற்பனை பண்ணி, கைக்குட்டை இரண்டு எடுத்துப் போயிருந்தேன். அம்மணி முகத்தைச் சுளித்தாள். "அய்ய! என்னம்மா உன் செருப்பு இப்படிக் கத்துது?"

வீட்டுக்கு வந்ததும் புகார் மேல் புகார். பிளாஸ்டிக் பை கத்துகிறது. குழாய் கத்துகிறது. இரண்டு கையும் இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள், "இவ்ளோ சத்தத்துல எப்படி இருக்கீங்க நீங்கெல்லாம்?" பட்டாசு பயந்துபோய் இன்று முழுக்க ரகசியக் குரலில் பேசியது. கைக்குட்டையை நானே இரண்டும் உபயோகித்துக்கொண்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

"நீ ஏம்மா எல்லாத்தையும் ரெண்டு தடவ சொல்ற?" என்று ஆகாசம் கேட்டாள்.

மார்ச் 21, சனி

இவரைக் கேட்காமல் அந்தக் குகை வழிகாட்டிக்கு நானே போன் போட்டேன். மகளின் காதைப் பற்றி ஒளிக்காமல் சொன்னேன். கீழ்த்தளத்தில் நடந்ததையும் சொன்னேன். இப்போது கருவி இருக்கிறது, விசில் கேட்கும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன்.

அந்த அம்மா கேட்டார், "விசிலா? எதுக்குங்க விசில்?"

"நிக்கறதுக்கு, திரும்பறதுக்கு..."

"யாரு சொன்னா? குகைக்குள்ள விசில் அடிச்சா நாலு பக்கமும் எதிரொலிக்கும், எங்கேருந்து வருதுன்னு காது நல்லா இருக்கிறவங்களுக்கே தெரியாதுங்க. என் கூட வர்றவங்களுக்குக் கயிறுதான். ஒரு இழுப்பு நிக்கணும், ரெண்டு இழுப்பு திரும்பணும். உங்க பொண்ணு தாராளமா வரலாம். எனக்கு முன்னாடியே நடக்கட்டும்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. விசில் எங்கள் கமாண்டரின் சொந்த மூளை! அது மட்டும் அவருக்கு உதிக்காமல் இருந்திருந்தால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு குகைக்குள் போய், சமர்த்தாகத் திரும்பி வந்திருப்பாள். எங்களுக்கு இன்னும் தெரிந்திருக்காது. இதற்கு அவரைத் திட்டுவதா, காலில் விழுவதா?

வீட்டில் மறுபடி ஓட்டுப் போட்டோம். மூன்று கை உயர்ந்தது. இவர் கை மடியிலேயே இருந்தது. பெரியவள் எழுந்து போய் அவர் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "என்னைப் பாத்து சொல்லுப்பா" என்றாள். கை உயர்ந்தது.

மார்ச் 29, ஞாயிறு

விசிலைக் காணோம். கேட்டால் தெரியாது என்கிறார். குப்பைக்கூடையில் நான் பார்த்தேன், சொல்லவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

வந்து சேர்ந்தோம். தலையணை கல். சொன்னேனா இல்லையா, என் ஓட்டை யாராவது மதித்தார்களா!

ஏப்ரல் 8, புதன்

மத்தியானம். மூன்று பேரும் சேற்றுக் காலோடு கட்டிலில் விழுந்து தூங்குகிறார்கள். மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

காலையில் உள்ளே போனோம். வழிகாட்டி அம்மா குள்ளமாக, தாட்டியாக இருந்தார்; பேச்சு அதிகம் இல்லை. கயிற்றில் முதலில் பெரியவள், அடுத்து அந்த அம்மா, பட்டாசு, நான், கடைசியில் இவர். தவழ்கிற இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன். பின்னாலிருந்து இவர் தள்ளியதை இங்கே எழுதப்போவதில்லை. முன்னால் கயிறு ஒரு தடவை இழுபட்டால் எல்லோரும் நின்றோம். இழுத்தது பெரும்பாலும் என் மகள்தான். வேண்டுமென்றே நான்கைந்து தடவை நிறுத்தினாள், கமாண்டர் பாவம், ஒவ்வொரு தடவையும் விறைப்பாக நின்றார்.

ஏரிக் கரையில் உட்கார்ந்தோம். அவள் சொன்னபடியே எல்லோர் முகமும் நெற்றி விளக்கில் பளிச்சென்று தெரிந்தது. வழிகாட்டி அம்மா கேட்டார், "இங்க வர்றவங்க எல்லாரும் ஒரு தடவ விளக்கை அணைச்சுப் பாப்பாங்க. அணைக்கலாமா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இவரும் "இல்லைங்க, அவளுக்கு..." என்று ஆரம்பித்தார். "அணைக்கலாம்" என்று சொல்லி, அவளே முதலில் தன் விளக்கை அணைத்தாள். பிறகு ஒவ்வொருவராக. கடைசியாக இவர்.

அந்த மாதிரி இருட்டை நான் பார்த்ததே இல்லை. கண்ணைத் திறந்திருக்கிறேனா மூடியிருக்கிறேனா என்றே தெரியவில்லை. பக்கத்தில் பெரியவள் உட்கார்ந்திருப்பது தோள் சூட்டில் தெரிந்தது. என் தொண்டைக்கு ஒரு கை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அப்பா, அழாதே" என்று அவள் குரல் வந்தது. "மூக்கை உறிஞ்சற. கேக்குது."

இவர் என் முதுகில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்குக் கேட்கவே இல்லை.